தீவுப் பயணம் தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குகிறது

வெப்பமண்டலக் கடலில் ஆளரவமற்ற தீவொன்றில் சில இரவுகள் கூடாரமடித்துத் தங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் எந்தக் கூடாரம், எந்தக் கேமரா என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் குடிநீரில் தொடங்குவேன். எத்தனை பேர் போகலாம், எத்தனை நாள் தங்கலாம், எவ்வளவு பெரிய படகு வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேதான் கிடைக்கிறது.

வெயிலில் சாமான் சுமந்து வியர்க்கும் ஒருவருக்கு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். நான்கு பேர் ஐந்து நாள் தங்கினால் 100 லிட்டர். கடல் கொந்தளித்துப் படகு வராமல் போகக்கூடும் என்பதற்காக இன்னும் இரண்டு நாளுக்குச் சேர்த்தால் 140 லிட்டர், அதாவது 140 கிலோ எடை. படகில் இரண்டு ஆட்களின் எடையைத் தண்ணீரே எடுத்துக்கொள்ளும் என்பதால், படகோட்டியிடம் ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போதே இந்த எடையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரே பெரிய பீப்பாயாகக் கொண்டுபோகாமல் 10 லிட்டர் கேன்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முழங்கால் அளவு நீரில் இறங்கிக் கரைக்குச் சுமந்துபோகக் கைக்கு அடக்கமாக இருக்கும், ஒன்று ஒழுகினாலும் மற்றவை தப்பும்.

தீவிலேயே தண்ணீர் கிடைக்காதா என்று பலரும் கேட்பார்கள். மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். ஆனால் மிகச் சிறிய தீவுகளில் அந்தப் படலம் இல்லாமலே போகலாம். இருக்கும் இடத்திலும் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறிவிடும். கொதிக்கவைத்தாலும் குளோரின் மாத்திரை போட்டாலும் கிருமிகள்தான் சாகும், உப்பு அப்படியே இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதை வெளியேற்ற, குடித்த நீரைவிடக் கூடுதலான நீரை உடல் இழக்கிறது. மழையை நம்பலாமா என்றால், 3 மீட்டருக்கு 4 மீட்டர் தார்ப்பாயின் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தாமல் பிடிக்க முடிந்தால், 120 லிட்டர் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், கடல் அமைதியாக இருக்கிறது என்று நாம் தேர்ந்தெடுக்கும் மாதங்கள்தான் பெரும்பாலும் மழை இல்லாத மாதங்கள். ஆகவே தார்ப்பாயைக் கொண்டுபோங்கள். அதில் விழப்போகும் நீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் ஜூன் முதல் நவம்பர் வரையும், தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் புயல் காலம். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

நாள் குறிக்கும்போது, வானிலைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, கடல்நீர் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஏற்றவற்ற அட்டவணை. பவளத்திட்டு சூழ்ந்த தீவுகளில், நீர் வற்றியிருக்கும்போது படகு திட்டைத் தாண்டிக் கரைக்கு வர முடியாது. நாளுக்கு இருமுறை நீர் ஏறும் கரைகளில் ஒவ்வொரு ஏற்றமும் அடுத்த நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை 9 மணி ஏற்றத்தில் இறங்கியவர்களுக்கு, ஐந்து நாள் கழித்து அதே ஏற்றம் பிற்பகல் 1 மணியைத் தாண்டித்தான் வரும். திரும்பும் படகை அந்த நேரத்துக்கே சொல்லிவைக்க வேண்டும். கூடாரத்துக்கான இடமும் இதைப் பொறுத்ததுதான். காய்ந்த கடற்பாசியும் சிப்பிகளும் கோடாக ஒதுங்கியிருக்கும் இடத்தைப் பார்த்து, அதற்குச் சற்று மேலே கூடாரமடித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் வளர்பிறை அஷ்டமியையொட்டி இறங்கிப் பௌர்ணமி வரை தங்குபவர்கள் கண்ட கோடு, ஏற்றம் குறைவாக இருக்கும் நாட்களில் விழுந்த கோடு. பௌர்ணமியில் நீர் அதைத் தாண்டி வரும். அதற்கும் மேலே, செடிகொடிகளின் ஓரத்தில், மக்கிய கட்டைகள் கிடக்கும் பழைய கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தென்னை மரத்தடியில் கூடாரம் கூடாது. கரீபியன் கரைகளில் மான்சினீல் என்றொரு மரம் உண்டு. சிறிய ஆப்பிள் போன்ற அதன் பழம் நஞ்சு, மழை பெய்யும்போது அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்கவைக்கும். செல்லும் தீவில் முதலை உண்டா என்பதையும் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆளில்லாத தீவு என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத தீவாகிவிடாது. ஃபிஜி, வனுவாட்டு போன்ற நாடுகளில் நிலத்தின் பெரும்பகுதி அந்தந்தக் குலத்தாரின் பரம்பரை உரிமை. அவர்கள் சம்மதமில்லாமல் கரையேறுவது முறையல்ல. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதித் தேசியப் பூங்காத் தீவுகளில் முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் கூடாரமிட முடியும். அனுமதி கிடைத்த பிறகும் நமக்கு முன்பே அங்கே குடியிருக்கும் உயிர்களை நினைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகர்பவை. நம் வெள்ளை விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். கடல் ஆலாப் பறவைகள் பல தரையிலேயே முட்டையிடும். நாம் அருகே போனதும் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், நிழலின்றிச் சுடுமணலில் கிடக்கும் முட்டைக்குள் கரு செத்துவிடும். மூட்டைகளுக்குள் எலியோ எறும்போ விதையோ ஒளிந்திருக்கின்றனவா என்று ஏற்றும் முன் ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பதும் இதனால்தான்.

மருந்துப் பையில் ஓஆர்எஸ் பொட்டலங்களும் காயத்துக்கான பொருட்களும் போதிய அளவில் இருக்கட்டும். பவளம் கீறிய காயம் எளிதில் சீழ் பிடிக்கும். அதை நன்னீரால் நன்றாகக் கழுவ வேண்டும் என்பதால் முன்பு சொன்ன 140 லிட்டரோடு இன்னும் ஒரு கேன் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்போன் கோபுரம் எட்டாத இடத்துக்குச் சாட்டிலைட் போனோ அவசர உதவிக்கான சிக்னல் கருவியோ தேவை. கருவியாக இருந்தால் உங்கள் பெயரில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தீவின் பெயர், இறங்கும் கரை, திரும்பும் நாள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கரையில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். அதன் நகல் ஒன்று படகோட்டியிடமும் இருக்கட்டும்.