அறுபதுகளின் தமிழ்ப் படங்கள்: வினாடி வினா அட்டைக் கட்டு, இதுவரை

இலக்கு 120 அட்டைகள். எல்லை, 1960 ஜனவரி முதல் 1969 டிசம்பர் வரை கொட்டகைக்கு வந்த தமிழ்ப் படங்கள். பூஜை போட்ட நாளோ தணிக்கை முடிந்த நாளோ கணக்கில்லை, திரைக்கு வந்த நாள்தான் கணக்கு. இதைக் கறாராக வைத்தால், அறுபதுகளின் படம் என்று பலர் சத்தியம் செய்யும் சில படங்கள் வெளியே நிற்கும். 'கல்யாண பரிசு', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இரண்டும் 1959. 'மாட்டுக்கார வேலன்' 1970 பொங்கலுக்கு வந்தது. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் பத்துக்குக் கொடுக்க வேண்டி வரும்.

அட்டை 5×3 அங்குலம், ஒரு பக்கம் கோடு போட்டது. முன்பக்கம் கேள்வி மட்டும். பின்பக்கம் நான்கு வரி: விடை, ஏற்கக்கூடிய மாற்று விடை, ஏற்கக்கூடாத விடை, சான்று. மூன்றாவது வரியை யாரும் எழுதுவதில்லை. போட்டி நடக்கும்போது சண்டை வருவது அந்த வரி இல்லாததால்தான். சான்றுக்கு ஒற்றை எழுத்துக் குறி போதும்: டைட்டிலுக்கு 'டை', பாட்டுப் புத்தகத்துக்கு 'பா', இசைத்தட்டு லேபிளுக்கு 'இ', தணிக்கைச் சான்றிதழுக்கு 'த', பத்திரிகை விளம்பரத்துக்கு 'வி'. இரண்டு குறி விழுந்தால்தான் பேனாவில் எழுதுவது. ஒன்று மட்டும் என்றால் பென்சில். பிற்காலப் பேட்டியில் யாரோ சொன்னது சான்றல்ல, தேடத் தொடங்குவதற்கான துப்பு மட்டுமே.

ஒவ்வொரு சான்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்திருக்க வேண்டும். டைட்டிலில் 'பின்னணி பாடியவர்கள்' என்று எல்லார் பெயரும் ஒரே அட்டையில் வரும், எந்தப் பாட்டு யாருடையது என்று வராது. பாடலாசிரியர் இருவர் என்றாலும் அதே கதைதான். 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) டைட்டிலைப் பார்த்தால் கண்ணதாசனும் வாலியும் எழுதியது தெரியும். 'அதோ அந்தப் பறவை போல' கண்ணதாசன், 'ஏன் என்ற கேள்வி' வாலி என்று பிரிக்க, பாட்டுவாரியாகப் பெயர் போட்ட சான்றுக்குத்தான் போக வேண்டும். எம்.ஜி.ஆர். படத்தின் கொள்கைப் பாட்டு என்றாலே கண்ணதாசன் பெயரைச் சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. 'நான் ஆணையிட்டால்', 'கண் போன போக்கிலே' இரண்டும் வாலி. இந்த இரண்டுக்கும் 'ஏற்கக்கூடாத விடை' வரியில் கண்ணதாசன் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பாட்டுப் புத்தகம் அருமையான சான்று. கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க', பிறகு பாட்டு வரிகள் முழுசாக. இரண்டு சிக்கல் உண்டு. படம் வருவதற்கு முன்பே அச்சாவதால், கடைசி நேரத்தில் வெட்டப்பட்ட பாட்டும் அதில் இருக்கலாம். 'இந்தப் படத்தில் எத்தனை பாட்டு' என்ற கேள்வியை அதனால் அதை வைத்து எழுதக் கூடாது. அடுத்தது, கையில் இருப்பது முதல் வெளியீட்டின் புத்தகமா, பின்னால் மறுவெளியீட்டுக்கு அச்சடித்ததா என்பது. இதற்கு அச்சையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

விலை 'ந.பை.' என்று இருந்தால் பெரும்பாலும் 1964 நடுவுக்கு முந்தைய அச்சு. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நயா பைசாவில் 'நயா' போய்விட்டது. கொஞ்ச காலம் பழக்கதோஷத்தில் அச்சிட்டிருப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு ஆண்டு தள்ளுபடி கொடுக்கலாம். முகவரி 'சென்னை-17' மாதிரி இருந்தால் சரி. 'சென்னை-600 017' என்று ஆறு இலக்கம் வந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தைய அச்சு, அன்றுதான் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. மூன்றாவது, எழுத்து. லை, னை, ணை, ளை ஆகியவற்றில் பழைய துதிக்கை வடிவம் இருக்கிறதா, ணா, றா, னா சுழித்துச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய வடிவம் சீராக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தையது என்று சந்தேகப்படலாம். டைட்டிலுக்கும் இதே சோதனை செல்லும். பழைய படத்தின் தொடக்கத்தில் புது எழுத்தில் விநியோகஸ்தர் பெயர் வந்தால், அந்தப் பகுதி பின்னால் ஒட்டியது. அதற்கு அடுத்து வரும் டைட்டில் அட்டைகளில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

படம் முழுசா, வெட்டா?

கையில் கிடைக்கும் கோப்பு முழுப் படம்தானா என்று பார்க்க ஒரு கணக்கு. 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), அடிக்கு 16 சட்டம். ஆக நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.4. படத்தின் தலைப்பில் ஓடும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்தி, நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4,500 மீட்டர் என்று இருந்தால் 164 நிமிடம் ஓட வேண்டும். கோப்பு 130 நிமிடம்தான் என்றால் மூன்று ரீல் அளவு போயிருக்கிறது. 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம்.

ஆனால் 157 நிமிடம் வந்தால் பதற வேண்டாம். அது வெட்டு அல்ல. நொடிக்கு 24 சட்டத்தை 25 ஆக ஓட்டி டிவிடிக்கு மாற்றும்போது படம் நான்கு சதவீதம் சுருங்கும். சுருதியும் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறிவிடும். கேட்டு அடையாளம் காணும் சுற்றுக்குப் பாட்டை இப்படிப்பட்ட டிவிடியிலிருந்து எடுத்தால், இசைத்தட்டோடு பழகிய காதுக்கு ஏதோ உறுத்தும். ஒலி மென்பொருளில் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி வேகத்தை 96 சதவீதமாக வைத்தால் சரியாகும்.

'முதல்' என்ற சொல்

இந்தக் கட்டில் அதிக அட்டைகளைத் தின்றது இதுதான். 'முதல்' என்று தொடங்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டு விடை இருக்கும். 'காதலிக்க நேரமில்லை' (1964) தமிழின் முதல் வண்ணப் படம் என்று எழுதிவிடுகிறார்கள். முழுநீள வண்ணம் 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வழியாக வந்துவிட்டது. இந்தப் படத்தில் கேட்க நல்ல விஷயங்கள் வேறு இருக்கின்றன. ரவிச்சந்திரன் அறிமுகமான படம். நாகேஷின் சினிமா கம்பெனிக்கு 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர். பாலையாவுக்கு அவர் கதை சொல்லும் காட்சியை இந்தி 'ப்யார் கியே ஜா'வில் (1966) மெஹ்மூதும் ஓம்பிரகாஷும் செய்தார்கள். 'முதல்' என்ற ஒட்டு இல்லாமலே இவை நிற்கும்.

ஜெயலலிதாவின் முதல் படம் எது? தமிழில் 'வெண்ணிற ஆடை' (1965). கதாநாயகியாக என்றால் அதற்கு முந்தைய ஆண்டின் கன்னடப் படம் 'சின்னத கொம்பே'. சின்ன வயதில் தலைகாட்டியது அதற்கும் முன்னால். கேள்வியை 'ஜெயலலிதா கதாநாயகியாக நடித்து வெளிவந்த முதல் தமிழ்ப் படம்' என்று இறுக்கினால் விடை ஒன்றாகிவிடும். கேள்வி நீளமாகிறதே என்று தயங்கக் கூடாது.

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் முதல் தமிழ்ப் பாட்டு இன்னும் வம்பு. பதிவானதில் முதலாவது, வெளிவராத 'ஹோட்டல் ரம்பா'வுக்கு. அடுத்துப் பாடியது 'சாந்தி நிலைய'த்தின் 'இயற்கை என்னும்'. ஆனால் ஊர் முதலில் கேட்டது 'ஆயிரம் நிலவே வா'. 'அடிமைப் பெண்' 1969 மே 1-இல் வந்துவிட்டது, 'சாந்தி நிலையம்' அதே மாதம் 23-இல்தான். மூன்று விடையும் நியாயமானவை. இதை மூன்று அட்டையாகப் பிரித்துவிட்டோம்: பதிவு, வெளியீடு, முந்திக்கொண்ட படம். 'முதல் பாட்டு' என்று மொட்டையாகக் கேட்பது போட்டியாளருக்குச் செய்யும் துரோகம்.

விருதுகளில் 'முதல்' நிலைத்து நிற்பதற்குக் காரணம், விருதுக்கு ஏடு உண்டு. சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் கே.வி. மகாதேவன், 'கந்தன் கருணை' (1967). சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது பி. சுசீலாவுக்கு, 'உயர்ந்த மனிதன்' (1968). இதில் ஒரு கண்ணி உண்டு. விருதுப் பட்டியலில் பாட்டு 'பால் போலவே' என்று இருக்கும். கேட்பவர்களுக்குத் தெரிந்தது 'நாளை இந்த வேளை பார்த்து'. இரண்டும் ஒரே பாட்டுதான், முன்னது தொடக்க வரி. மாற்று விடை வரியில் இரண்டையும் எழுதுங்கள். இன்னொன்று, விருதாண்டும் விருது கைக்கு வந்த ஆண்டும் வேறு. ஆண்டைக் கேட்காமல் படத்தைக் கேட்டால் பிரச்சினையே இல்லை.

'தெய்வ மகன்' (1969) ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம். அனுப்பியதோடு சரி, இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை. 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற சொல் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுப்பதால் அட்டையில் 'அனுப்பப்பட்டது' என்றே போட்டிருக்கிறது.

பாட்டும் படத்தலைப்பும்

சுலபமாகத் தயாராகி, நன்றாக வேலை செய்யும் சுற்று இது. பாட்டின் முதல் வரியும் வேறொரு படத்தின் பெயரும் ஒத்துப்போகும் இடங்கள். 'நான் ஆணையிட்டால்' பாட்டு 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965), அந்தப் பெயரில் படம் 1966. 'ஆலயமணியின் ஓசையை' என்றதும் கை தானாக 'ஆலயமணி' (1962) என்று எழுதும். பாட்டோ 'பாலும் பழமும்' (1961). வேகச் சுற்றில் வைத்தால் தேர்ந்தவர்களே சறுக்குவார்கள்.

குரல் வேறு, முகம் வேறு என்ற சுற்றுக்குத் 'திருவிளையாடல்' (1965) ஒன்றே ஒரு டஜன் கேள்வி தரும். 'ஒரு நாள் போதுமா' பாலமுரளிகிருஷ்ணா, திரையில் டி.எஸ். பாலையா. டி.ஆர். மகாலிங்கமும் கே.பி. சுந்தராம்பாளும் அவரவர் குரலிலேயே. நக்கீரராக வருபவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜன், இது தெரியாதவர்கள் இன்னும் நிறைய. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) 'சிங்கார வேலனே'வுக்கு வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வது வழக்கம், அடுத்தடுத்து வைக்க வேண்டாம். 'சர்வர் சுந்தரம்' (1964) 'அவளுக்கென்ன' பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையிலேயே தெரிவார்கள். படத்தைப் பார்த்தாலே போதும், வேறு சான்று வேண்டாம்.

ஒலித் துண்டு 8 முதல் 10 நொடி. பல்லவிக்கு முந்தைய இசையிலிருந்து வெட்டினால் எளிது, முதல் இடையிசை நடுத்தரம், இரண்டாவது இடையிசை கடினம். குரல் அரை நொடி கலந்தாலும் துண்டு வீண்.

வெளியீட்டு நாள்

ஒரே நாளில் வந்த படங்கள் என்ற சுற்றுக்கு நாளேட்டு விளம்பரம்தான் சான்று. 1964 பொங்கலுக்குக் 'கர்ண'னும் 'வேட்டைக்கார'னும். 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை', 'பழநி', ஜெய்சங்கர் அறிமுகமான 'இரவும் பகலும்'. 1967 தீபாவளிக்கு சிவாஜி படமே இரண்டு: 'ஊட்டி வரை உறவு', 'இரு மலர்கள்'. 1964 தீபாவளி, நவம்பர் 3, இன்னும் சுவை. 'நவராத்திரி'யும் 'முரடன் முத்து'வும் ஒரே நாள், பக்கத்துக் கொட்டகையில் எம்.ஜி.ஆரின் 'படகோட்டி'. சிவாஜியின் 100-வது படம் எது என்ற கேள்விக்கு வெறும் தேதியை வைத்து விடை சொல்ல முடியாதது இதனால்தான். 100-வது என்று அறிவிக்கப்பட்டது 'நவராத்திரி'. அட்டையிலும் 'அறிவிக்கப்பட்ட' என்ற சொல் வேண்டும்.

தீபாவளி வெளியீடு என்று சொல்லி ஒரு தேதி கிடைத்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். நம் தீபாவளி சதுர்த்தசி என்பதால், தேதி அமாவாசையை ஒட்டி இருக்க வேண்டும். 1964-இல் அமாவாசை நவம்பர் 4, 1967-இல் நவம்பர் 2. நான்கைந்து நாள் தள்ளி நின்றால் அது வெளியூர் வெளியீடாகவோ தணிக்கைத் தேதியாகவோ இருக்கும்.

ரீமேக் கேள்விகளில் திசை தலைகீழாவது வழக்கம். 'எங்க வீட்டுப் பிள்ளை' தெலுங்கு 'ராமுடு பீமுடு'விலிருந்து (1964) வந்தது, இந்தி 'ராம் அவுர் ஷ்யாம்' 1967. மூன்றுக்கும் இயக்குநர் சாணக்யாதான். 'அன்பே வா' (1966) ஹாலிவுட்டின் 'கம் செப்டம்பர்' தழுவல், ஏவி.எம். எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ஒரே படம்.

'எங்கே நிம்மதி'க்கு எத்தனை வாத்தியம், 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எத்தனை நாளில் எடுத்தது: இந்த இரண்டு கேள்வியும் கட்டிலிருந்து நீக்கப்பட்டன. ஆளுக்கொரு எண் சொல்வார்கள், அக்கால அச்சில் உறுதிப்படாத எண் அட்டையில் ஏறாது. அவற்றுக்குப் பதில், 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தை ஸ்ரீதரே இந்தியில் எடுத்தபோது வைத்த பெயர் என்ன என்று கேட்கலாம். 'தில் ஏக் மந்திர்', 1963.

அடுத்து நிழற்படச் சுற்று. வண்ணப் படங்களின் காட்சிகளையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட வேண்டும், இல்லையென்றால் 'புதிய பறவை'யைக் காட்டுவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். முகம் தெரியாத சட்டமாக, அரங்கமைப்பு மட்டும் தெரிவதாக ஒரு படத்துக்கு மூன்று. கோப்பிலிருந்து எடுக்கும்போது மூலையில் தொலைக்காட்சி முத்திரை இருந்தால் வெட்டிவிடுங்கள், அதை வைத்தே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.