மாமா, சும்மா மெல்லுங்க

அக்கா மகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். மெல்லும்போது தாடைத் தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆய்வுக்கு நோய்நொடி இல்லாத ஆட்கள் வேண்டும் என்று சொந்தபந்தம் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்லுகிற வேலைதானே என்று அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன். தை மாதம். பையில் அவளுக்கென்று அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு.

முதல் பலி என் தாடி. தசையில் எழும் மின்சாரத்தைப் பிடிக்கிற எலெக்ட்ரோடு என்ற வில்லையைக் கன்னத்தில் ஒட்ட முடி இருக்கக் கூடாதாம். கையெழுத்து வாங்கினாள், பல்லை எண்ணினாள், வாயைத் திறக்கச் சொல்லி ஸ்கேல் வைத்தாள். 46 மில்லிமீட்டர். 40-ஐத் தாண்டினால் பொதுவாகச் சரியாம். ஸ்கேல் இல்லாவிட்டால் நம் கையின் மூன்று விரலை அடுக்கி நுழைத்துப் பார்க்கலாம்.

"இப்போ பல்லைக் கடிங்க மாமா." மெல்லுவதற்குப் பக்கத்துக்கு நாலு முக்கியத் தசைகள். கன்னத்தில் கல் மாதிரி எழும்பியது மாசெட்டர், கன்ன எலும்பின் வளைவிலிருந்து கீழ்த்தாடைக் கோணத்துக்கு இறங்குகிறது. நெற்றிப்பொட்டிலும் விரல் வைக்கச் சொன்னாள். அங்கே எழும்பியது டெம்போராலிஸ், மண்டையின் பக்கத்தில் விசிறி போல விரிந்த தசை. கோபத்தில் பல்லைக் கடிக்கும்போது பொட்டு புடைப்பது இதனால்தான்.

மற்ற இரண்டும் டெரிகாய்டுகள், தாடைக்கு உள்ளே. உள் டெரிகாய்டும் மாசெட்டரும் இருபுறமும் நின்று தாடைக் கோணத்தைத் தூளி மாதிரி ஏந்துகின்றன. ஆக, நாலில் மூன்று வாயை மூடத்தான். வெளி டெரிகாய்டு மட்டும் தாடை மூட்டின் குமிழை முன்னே இழுத்துத் திறக்க உதவும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் தாடை எதிர்ப்பக்கம் நகரும். ஆட்டுரல் குழவி போல நாம் அரைப்பதற்கு அந்த நகர்வு வேண்டும். இவ்வளவு வேலை செய்தும் ஆழத்தில் கிடப்பதால், தோலில் ஒட்டுகிற எலெக்ட்ரோடுக்கு இந்த இரண்டும் சரியாக அகப்படுவதில்லை.

ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, இரு கன்னத்திலும் பொட்டிலும் ஒட்டினாள். முதலில் கடைவாயில் பஞ்சு வைத்து முழு பலத்தோடு கடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தோலும் கொழுப்பும் வேறு என்பதால், மற்ற அளவுகளை அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

அப்புறம் சூயிங்கம். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். தசையின் மின்சாரத்தைக் கோடாகக் காட்டுகிற திரையைப் பார்த்துக்கொண்டே மென்றால் மெல்லவே வரவில்லை! கோடு தாறுமாறாகப் போனது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அவள் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர்ச் சண்டை நடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் கழித்துக் காட்டினால், மேடுகள் ஒரே சீராக, நொடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகமாக வரிசையில் நின்றன. மெல்லும் தாளம் மூளைத்தண்டிலிருந்து தானாக வருகிறது; கவனித்தால் கெடுத்துவிடுகிறோம். மேடுகள் வலப்பக்கம் உயரமாக இருந்தன. இத்தனை வருசம் வலப்பக்கமே மெல்லுகிறேன் என்பது எனக்கே தெரியாது.

ஒயரைக் கழற்றுவதற்குள் ஆசைக்கு ஒரு பனங்கிழங்கைக் கடித்தேன். நார் பல்லில் மாட்டிய இடத்தில் கோடு குபுக்கென்று ஏறியது.

"மாமா, இதெல்லாம் கணக்குல வராது" என்று சிரித்தாள். "அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுக்கணும். அதுக்குள்ள தாடி வச்சிராதீங்க."