எம்.ஆர்.பி. நர்ஸ் தேர்வு: பொட்டாசியம் கேள்வியை விட்டுடாதீங்க

எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நர்ஸ் தேர்வு ரிசல்ட் வந்தாச்சுங்க. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் அடுத்த தடவைக்குப் படிக்கிற கண்ணுகளா, ஹைப்போகலீமியான்னா (ரத்தத்தில் பொட்டாசியம் குறையறது) லிட்டருக்கு 3.5 எம்இக்யூவுக்குக் (மில்லிஈக்விவலன்ட், உப்பை அளக்கிற அலகு) கீழே என்று மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிடாதீங்க. மார்க்கெல்லாம் கணக்குலதான் போகுது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மி.லி. ஒரு மி.லி.யில் 150 மி.கி., அதாவது 2 எம்இக்யூ. முழு ஆம்பூலில் 20. "20 எம்இக்யூ, 500 மி.லி. நார்மல் சலைனில், 4 மணி நேரம்" என்று கேட்டால் மணிக்கு 125 மி.லி.; ஒரு மி.லி.க்கு 20 துளி விழுற செட்டில் நிமிடத்துக்கு 42 துளி. பாதிப் பேர் இதோடு பேனாவை வைத்துவிடுகிறார்கள். கை நரம்பில் ஏற்றும்போது லிட்டருக்கு 40 எம்இக்யூ, மணிக்கு 10 எம்இக்யூ தாண்டுதான்னு பாருங்க. இந்த ஆர்டரில் மணிக்கு 5தான், ஆனால் லிட்டருக்கு 40, விளிம்பில் நிற்குது. அதையே ஒரு மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால் மணிக்கு 20 ஆயிடும். இதயத் துடிப்பு மானிட்டர் இல்லாத வார்டு என்றால் டாக்டரிடம் திரும்பக் கேட்பதுதான் விடை. ஐ.வி. புஷ் (சிரிஞ்சால் நேரா நரம்பில் செலுத்துவது) என்ற ஆப்ஷனை யோசிக்காமல் வெட்டுங்க; இதயம் நின்னுடும்.

தொங்குகிற பாட்டிலில் மருந்தைக் கலக்கக் கூடாது. போர்ட் (மருந்து செலுத்துற வாய்) பக்கமே தங்கி, முதல் சில நிமிடத்தில் மொத்தமாக இறங்கிடும். கிளாம்பை மூடி, கழற்றி, மருந்தைச் சேர்த்து, பல தடவை கவிழ்த்து நிமிர்த்தி, லேபிள் ஒட்டி மாட்டணும். டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் பாட்டில்) கலந்தால் இன்சுலின் சுரந்து, இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிடும்.

"முதலில் எதைச் செய்வீர்கள்" வகை:

- ஏற்றுவதற்கு முன்: சிறுநீர் அளவு. மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தால் ஏற்றாமல் டாக்டருக்குச் சொல்லணும்.
- கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிறது), பொட்டாசியம் 3.3க்குக் கீழே: முதலில் பொட்டாசியம், அப்புறம்தான் இன்சுலின்.
- எவ்வளவு ஏற்றியும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலையா: மக்னீசியம் பாருங்க.
- ஃப்யூரோசமைடும் (சிறுநீர் கூட்டுற மருந்து) டிகாக்சினும் (இதய மருந்து) சேர்ந்து வந்தால்: வாந்தி, மஞ்சள் பார்வை, நாடித் துடிப்பு பாருங்க.
- ஈ.சி.ஜி.: தட்டையான டி அலை, யு அலை. கூரான டி வந்தால் அது பொட்டாசியம் கூடின கேஸ்.
- ஊசி இடத்தில் எரிச்சல்: வேகத்தைக் குறை. வீக்கம்: உடனே நிறுத்து.
- கை கால் தளர்ச்சியோடு மூச்சும் மேலோட்டமானால்: மூச்சுக்குத்தான் முதலிடம்.

உணவுக் கேள்வியில் பொள்ளாச்சிக்காரங்களுக்கு இளநீர் தானா வந்துடும், சரிதான். ஆனால் கேள்விக்குள்ளே "சிறுநீரகச் செயலிழப்பு" என்ற சொல் ஒளிஞ்சிருக்கும். அப்ப அதே இளநீர் தப்பான விடை. பொட்டாசியம் சிரப் 15 மி.லி.யில் 20 எம்இக்யூ இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் தண்ணியில் கலந்துதான் கொடுக்கணும். அப்படியே கொடுத்தால் வயிறு புண்ணாகும்.