டைம்டேபிள் சரியாக வந்தது, 12 பேருக்கு மட்டும் ஒரே நேரத்தில் 2 வகுப்பு

இந்த வருடம் டைம்டேபிள் வேலை என் தலையில் விழுந்தது. முன்பு செய்தவர் விட்டுப்போன ஃபைலைத் திறந்து, ஆசிரியர் பெயர்களை மட்டும் மாற்றி சாஃப்ட்வேரில் ஓட்டினேன். பத்தே நிமிடத்தில் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லாமல் அட்டவணை வந்துவிட்டது, இதற்கா எல்லாரும் இவ்வளவு பயந்தார்கள் என்றுகூட நினைத்தேன். அப்புறம் பதினொன்றாம் வகுப்பு விருப்பப் பாடங்களுக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான், உளவியலில் எழுதிய பெயர் புவியியலிலும் வருவது கண்ணில் பட்டது. இரண்டும் ஒரே பீரியட்.

சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. 94 பேரில் ஆளுக்கு 2 விருப்பப் பாடம், அதனால் 2 பிளாக், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பாடங்களின் 2 தொகுப்பு, ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 பீரியட். முதல் பிளாக்கில் கணினி அறிவியலின் ஒரு செக்‌ஷன், பொருளியல், ஓவியம். இரண்டாவதில் கணினியின் இன்னொரு செக்‌ஷன், உளவியல், புவியியல், உடற்கல்வி. இதை நாம் வகுப்பு வாரியாகத்தான் கொடுக்கிறோம், எந்தப் பிள்ளை எதை எதோடு சேர்த்து எடுத்திருக்கிறது என்று அதற்குச் சொல்லவே இல்லை. ஆசிரியர் மோதவில்லை, அறை மோதவில்லை, அதற்கு அவ்வளவு போதும்.

சரி என்று விருப்பப் படிவங்களை எடுத்து எக்ஸெலில் ஏற்றினேன். மொத்தம் 189 வந்தது. ஆளுக்கு 2 என்றால் ஒற்றைப்படை எப்படி வரும்? தேடினால் ஒரு பையன் 3 பாடத்துக்கு டிக் அடித்திருக்கிறான், அதையும் யாரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அவனைக் கேட்டு ஒன்றை நீக்கியதும் 188. அடுத்து, எந்த 2 பாடத்தை எத்தனை பேர் சேர்த்து எடுத்தார்கள் என்று எண்ணிக் காட்டும் பிவட் டேபிள் போட்டேன், அதிலும் கோட்டை விட்டேன். உளவியல்-புவியியல் கட்டத்தில் 5 என்றிருந்தது, ஐந்தே பேர்தானே, பேசிச் சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது, புவியியலை முதலில் எழுதி உளவியலை இரண்டாவதாக எழுதியவர்கள் வேறு கட்டத்தில் தனியாக 4 பேர் இருக்கிறார்கள். ஆக 9. அதோடு பொருளியல்-ஓவியம் 2, உளவியல்-உடற்கல்வி 1. மொத்தம் 12 பேர்.

முதலில் புவியியலைத் தூக்கி முதல் பிளாக்கில் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கே பொருளியல் இருக்கிறது, பொருளியலும் புவியியலும் சேர்த்து எடுத்தவர்கள் 7 பேர். உளவியலை மாற்றினால் பொருளியலோடு 8 பேர். தாளில் 3 பாடத்தையும் எழுதிக் கோடு போட்டுப் பார்த்தால் முக்கோணமாக நிற்கிறது, இருப்பதோ 2 பிளாக். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், 3 பேரை ஒருத்தரோட ஒருத்தர் சேராம 2 ரூம்ல எப்படிப் போடுவீங்க? விடியவிடிய மாத்தினாலும் வராது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்கு முன்னால் நான் 2 மாலை முழுக்க கட்டங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஒரு பாடத்தை இரண்டாக உடைத்து 2 பிளாக்கிலும் வைப்பதைத் தவிர வழியில்லை. புவியியலை உடைத்தாலும் முடிச்சு அவிழும், ஆனால் அந்த சாருக்கு ஏற்கெனவே வாரம் 27 பீரியட், இன்னும் 5 சேர்த்தால் 32, கேட்கவே வாய் வரவில்லை. உளவியல் மேடத்திடமிருந்து கீழ் வகுப்புப் பீரியட் 4 எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க முடிந்ததால் அவருக்குக் கூடுதலாக ஒன்றுதான். அவர் சம்மதித்த பிறகுதான் ஹெச்.எம். அறைக்குப் போனேன். தலைமையிடம் முதலில் சொல்லிவிட்டு ஆசிரியரிடம் பிறகு சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

உடைத்த பிறகு மோதல் 12-லிருந்து 2 ஆனது, பொருளியல்-ஓவியம் மட்டும் மிச்சம். ஓவியத்தை இரண்டாவது பிளாக்குக்குத் தள்ளினால் புவியியலோடு 3, உடற்கல்வியோடு 4 என்று 7 ஆகிறது, அதனால் தொடவில்லை. அந்த இருவரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு பெண், தோழி எடுத்தாள் என்றுதான் ஓவியம் எடுத்தேன் என்று சிரித்துக்கொண்டே உளவியலுக்கு மாறிவிட்டாள். மற்றவன் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டினான், எல்லாம் கை ஓவியம், கை மட்டும். அவனை என்னவென்று மாறச் சொல்வது? கீழ் வகுப்பு ஓவியப் பீரியடில் வாரம் 3, பள்ளி முடிந்து 2 என்று ஓவிய ஆசிரியரே ஏற்றுக்கொண்டார்.

கணினி லேபில் 30 மெஷின். இரண்டாவது பிளாக்கில் பொருளியலோடு வரும் 20 பேர், ஓவியத்தோடு வரும் 10 பேர், அங்கேயே 30 நிரம்பிவிடுகிறது. அதனால் கணினியும் உளவியலும் எடுத்த 10 பேரையும் கணினிக்கு முதல் பிளாக், உளவியலுக்கு இரண்டாவது என்று தள்ள வேண்டியதாயிற்று. விளைவு, உளவியல் ஒரு செக்‌ஷனில் 10 பேர், இன்னொன்றில் 22. மேடம் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, “இதென்னம்மா, ஒண்ணு டியூஷன் மாதிரி இருக்கு, ஒண்ணு சந்தை மாதிரி இருக்கு” என்றார். பதில் சொல்லாமல் லேப் மெஷின் கணக்கை நீட்டினேன்.