தாபரிப்பு நிலுவை, பிடியாணை, தற்கொலை: ஆர்டிஐ போட்டுக் கேட்ட அனுபவம்

முதல்லயே சொல்லிடுறன், நான் தாபரிப்பு காசு (மனுசி பிள்ளையளிட செலவுக்கு கோட்ஸ் கட்டளைப்படி மாதாமாதம் கட்டுற ஜீவனாம்சம்) எடுக்கிற பக்கத்து ஆள். கோட்ஸ்ல காசு விழுந்தா தான் பிள்ளையளிட வான் காசு குடுக்கலாம். அதால "ஆம்பிளையளுக்கு வக்காலத்து வாங்க வந்திட்டா" எண்டு ஒராளும் வரவேண்டாம்.

திருகோணமலையில எங்கட பக்கத்துல ஒருத்தர், கடல்தொழில் செய்தவர், உயிர மாய்ச்சிட்டார். தாபரிப்பு நிலுவை ஏறி பிடியாணை வந்திருந்தது எண்டு செத்தவீட்டுல கதைச்சாங்கள், வேற ஆக்கள் லோன் எண்டாங்கள், குடி எண்டாங்கள். ஒரே ஒரு காரணத்தால ஒராள் இப்பிடி முடிவெடுக்கிறேல்ல, அது எனக்கும் விளங்கும். ஆனா பிடியாணை ஒரு பைல்ல, மரண விசாரணை இன்னொரு பைல்ல, இந்த ரெண்டையும் ஆராவது சேர்த்துப் பாக்கிறவையா எண்டது தான் மண்டைக்குள்ள நிண்டது.

சட்டம் தெரியாதாக்களுக்கு: 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டத்தில, காசு கட்டாட்டி ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரைக்கும் மறியல் (சிறை) குடுக்கலாம். இங்க வாடைக்காத்து காலத்துல கார்த்திகை மார்கழி எண்டா கடலுக்குப் போகேலாது, கையில ஒண்டும் இராது, ஓடர்ல மட்டும் அதே தொகை. நிலைமை மாறினா தொகையக் குறைக்கச் சொல்லிக் கேக்கவும் சட்டத்துல வழி இருக்கு, அது தெரிஞ்சு லோயர் பிடிச்சு போறவை எத்தினை பேர்? ஆள் உள்ளுக்குப் போனா எனக்கும் காசு வராது, அதையும் யோசிக்கோணும்.

சரி, விசயத்துக்கு வாறன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. ஃபோம் எடுத்து நிரப்பி தகவல் அலுவலரிட்ட குடுக்கோணும், தமிழ்லயே எழுதலாம், எழுதத் தெரியாட்டி வாயால சொன்னாலும் அவை எழுதி எடுக்கோணும். நான் கேட்டது, இந்த மாவட்டத்துல தாபரிப்பு நிலுவைக்கு பிடியாணை இருந்த ஆக்கள் எத்தினை பேர் தற்கொலை செய்திருக்கினம், வருசவாரியா. ஃபோம வாங்கினவர் கண்ணாடிய இறக்கிப் பாத்து, "பிள்ள, இது உங்களுக்கு என்னத்துக்கு?" எண்டார். கோவமா இல்ல, பாவம் பாத்த மாதிரி தான் கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்ல எண்டு சட்டத்துலயே இருக்கு, அத நான் மெதுவா சொன்னன், மனுசன் ஒண்டும் பேசாம சீல் குத்திட்டார். பற்றுச்சீட்டு வாங்காம வெளிய வந்திடாதிங்க.

14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லோணும். வந்த பதில் ரெண்டு வரி: தனிப்பட்ட ஆக்களிட தகவல், அத்தோட இப்பிடி ஒரு தகவல் பேணப்படுறேல்ல. இல்லாத தகவல எப்பிடி ரகசியம் எண்டு மறிக்கிறது? நான் ஒரு பேரும் கேக்கல்ல, எண்ணிக்கை தான். 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டன் (எந்த அலுவலகம் எண்டு இங்க போடல்ல, அங்க இருக்கிறவையும் எங்கட சனம் தான்). அவர் மூண்டு கிழமைக்குள்ள சொல்லோணும். இந்த முறை ஒரு அட்டவணை வந்திச்சு, பொலிஸ் தற்கொலைகளக் காரணம் காரணமா பிரிச்சு வைக்கிற வழமையான அட்டவணை. அதப் பாத்துத் தான் எனக்கு முழுசா விளங்கிச்சு. வறுமை கடன், காதல் ஏமாற்றம், கணவரிட தொல்லையும் குடும்பப் பிணக்கும், தீராத நோய், மனநோய், பரீட்சை பெயில், போதைக்கு அடிமை, பிள்ளையள் கவனியாதது, எல்லாத்துக்கும் வரி இருக்கு. கோட்ஸ் கட்டளை, பிடியாணை, மறியல் பயம், அதுக்கு வரியே இல்ல. அப்ப எங்கட பக்கத்து அந்த மனுசன் ஒண்டில் கடனுக்குள்ள, இல்லாட்டி குடும்பப் பிணக்குக்குள்ள போயிருப்பார். ஒளிச்சு வைக்கிறாங்கள் எண்டு நினைச்சுப் போனன், எழுதுறதுக்கு இடமே வைக்கல்ல எண்டது அதவிட மோசமா இருந்திச்சு.

லண்டன்ல இருக்கிற சித்தியிட மகளிட்ட இதச் சொல்ல அவ சிரிச்சா, அங்கயும் இதே கூத்தாம். பிள்ளைப் பராமரிப்புக் காசு அறவிடுறதும் உதவித்தொகை குடுக்கிறதும் அங்க ஒரே திணைக்களம் தான். உதவித்தொகை எடுத்தாக்களிட தற்கொலையப் பற்றி அவையிட தேசிய கணக்காய்வு அலுவலகம் 2020 பெப்ரவரியில ஒரு அறிக்கை விட்டது, 2014-15ல இருந்து திணைக்களம் உள்ளுக்குள்ள ஆராய்ஞ்சது ஆகக் குறைஞ்சது 69, ஆனா ஆராய்ஞ்சிருக்கக்கூடிய எண்ணிக்கை அவ்வளவு தானா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு எண்டும் அதுலயே சொல்லியிருக்கு. அங்க வெளிய இருந்து ஒரு கணக்காய்வாளராவது போய்க் கேட்டிருக்கினம்.

1995ல லட்சத்துக்கு 47 பேர் அளவில தற்கொலை நடந்த நாடு இது. பயிருக்கு அடிக்கிற விசமான கிருமிநாசினிகளத் தடை செய்ததால தான் பெருமளவு குறைஞ்சது. எதால சாகிறாங்கள் எண்டு எண்ணினபடியா தான் எதத் தடை செய்யிறதெண்டு தெரிஞ்சது, ஏன் எண்டதையும் அதே கவனத்தோட எண்ணினா என்ன?

இப்ப தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போட்டிருக்கிறன், அதுக்கு ரெண்டு மாதம் டைம் இருக்கு. கையில இருக்கிற தகவலத் தான் தருவினம், உங்களுக்காகப் புதுசா எண்ணித் தரமாட்டினம், அதால கேள்விய இப்பிடி உடைச்சுக் கேளுங்கோ: நிலுவைக்கு எத்தினை பிடியாணை, எத்தினை பேர் மறியலுக்குப் போனவை, அதில எத்தினை பேர் உள்ளுக்குள்ள செத்தவை. மறியலுக்குள்ள செத்தா நீதவான் விசாரிச்சே ஆகோணும், அப்ப கடதாசி கட்டாயம் இருக்கும். மூண்டையும் தனித்தனி ஃபோம்ல போடுங்கோ, ஒண்டா போட்டா ஒரே பதில்ல எல்லாத்தையும் தள்ளிவிட்டிருவினம். இத வாசிக்கிற ஆருக்காவது நிலுவை கழுத்த நெரிக்கிற மாதிரி இருந்தா மனநல உதவி இலக்கம் 1926க்கு அடிங்கோ, இரவெண்டாலும் எடுப்பினம், தொகையக் குறைக்கிற மனு விடிஞ்சாப் பிறகு போடலாம்.