புதன்கிழமை என்றால் புதன்கிழமைதான்

முதியவர்களுக்கு உதவ வரும் தன்னார்வலர்களில் பலர் முதல் மாதம் அளவுக்கு மீறி ஓடியாடிச் செய்கிறார்கள். மூன்றாம் மாதம் ஆளையே காணோம். வாரத்துக்கு நான்கு தடவை போவது, மருந்து வாங்கித் தருவது, வங்கிக்கு அழைத்துப் போவது, போதாததற்கு "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று வேறு சொல்லிவிட்டு வருவது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், எப்போதும் அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் புதன்கிழமை நான்கு மணிக்கு ஆள் வரும் என்று தெரிந்தால் அதை வைத்தே வாரத்தை ஓட்டிவிடுவார். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லுங்கள். அடுத்து எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

மற்ற நாட்களுக்குத் தொலைபேசி போதும். ஒரு தன்னார்வலர் தினமும் நான்கைந்து பேரை அழைக்கலாம். அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் பேச்சு வெறும் கணக்கெடுப்பாகிவிடும். "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "காலையில என்ன சாப்பிட்டீங்க? ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள், கிழமை தெரியாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

அழைப்பை எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். கால் மணி நேரம் கழித்து மறுபடி அழையுங்கள். அப்போதும் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர், அடுத்து சாவி வைத்திருப்பவர். ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் கதவைத் தட்டியிருக்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை சார்ஜ் தீர்ந்த போனாகவோ குளியலாகவோதான் இருக்கும். அப்போது "பயமுறுத்திட்டீங்களே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை உண்மையிலேயே விழுந்தால்கூட, தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று சொல்லாமல் இருந்துவிடுவார்.

வீட்டுக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது படுக்கையிலிருந்து குளியலறைவரை உள்ள வழி. இரவில் அந்த வழியில் விளக்கு எரிகிறதா, சுவிட்ச் படுத்தபடியே கைக்கு எட்டுகிறதா, காலில் சுருளும் மிதியடியோ ஒயரோ கிடக்கிறதா என்று பாருங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள துண்டு போடும் கம்பியை நம்பக் கூடாது, அது ஆள் எடை தாங்காது. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியும் திடீரென்று கழன்றுவிடும். சுவரில் திருகி முடுக்கிய கைப்பிடிதான் வேண்டும். ஆனால் அவரைக் கேட்காமல் நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள். இருட்டில் அவர் நடப்பது பழகிய தடத்தில். நீங்கள் ஒழுங்குபடுத்திய அறையிலேயே இடித்துக்கொண்டு விழுவார்.

கைத்தடியையும் பாருங்கள். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

விழுந்தவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் வேகம். அப்படிச் செய்தால் அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், எழுந்து சிரித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அடி ஒன்றும் இல்லையென்றால் அவரே எழட்டும். ஒருக்களித்துப் படுத்து, பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, முன்னால் நீங்கள் வைத்த நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். பின்னால் உட்கார இன்னொரு நாற்காலியைத் தள்ளிக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

மாத்திரைப் பெட்டியை நீங்கள் நிரப்பாதீர்கள். எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வேறு வேறு பெயரில் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போவது அதில்தான் பிடிபடும். பணத்தைப் பொறுத்தவரை ஏடிஎம் ரகசிய எண்ணைக் கேட்கவே வேண்டாம், வாங்கிய பொருளுக்கு ரசீது வேண்டும், உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

துணையை இழந்தவர் வீட்டில் முதல் சில வாரம் கூட்டம் இருக்கும், உங்கள் தேவை அவ்வளவாக இருக்காது. எல்லோரும் கலைந்த பிறகு போங்கள். இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசுங்கள். அழுதால் பேச்சை மாற்ற வேண்டாம்.

உங்களால் தொடர முடியாத நாள் வந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, புதிதாக வருபவரோடு இரண்டு புதன்கிழமையாவது சேர்ந்தே போங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் காதில் நன்றாகக் கேட்கும் என்பதை அவரிடம் எழுதிக் கொடுங்கள்.