இரண்டாவது சிலிண்டர்

ஜனவரி 3, 2025, வெள்ளி

170, 115, 165, 170.

மூன்று தடவை அமுக்கத்தை அளந்தேன். மற்ற மூன்றும் சொன்னபடி கேட்கின்றன. இரண்டாவது சிலிண்டர் மட்டும் 115இல் குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. ஓட்டப்போட்டிக்கு என்று வாங்கிய பழைய நிசான் மார்ச், 987 சிசி எஞ்சின். அதில் நாலில் ஒன்று சோர்ந்துபோனால் மிச்சம் இருப்பது தையல் மெசின்தான். விற்றவர் "கை வைக்காத எஞ்சின், அண்ணை" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார்.

ஆறு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் இருந்த கிறீஸைக் கண்டு தாதி முகம் சுளித்தார். அப்பாவும் கண்டார், சிரித்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

ஜனவரி 4

ஸ்கான் எடுத்தாச்சு. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. 118 காட்டியது. ஏறவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை அப்பா எனக்குப் பன்னிரண்டு வயதில் காட்டித்தந்தார், யாருடையதோ மொறிஸ் மைனரில்.

பின்னேரம் அவரிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு "வா" என்றார். "வா... வா..." பக்கத்துக் கட்டில் ஐயா தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழும்பி வந்துவிட்டார். "வால்வோ அப்பா?" என்று நான் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார், பாரம் இறக்கிவைத்த ஆள் மாதிரி.

ஜனவரி 6

பாரிசவாதம். மூளையின் இடப்பக்கம். அதனால் வலக்கை, வலக்கால், பேச்சு. "வரும், கொஞ்சம் கொஞ்சமாக வரும்" என்றார் டொக்டர். எவ்வளவு வரும் என்று கேட்டேன். கோப்பைப் புரட்டினார்.

கராஜுக்குப் போகவில்லை.

ஜனவரி 8, புதன்

எல்லாருடைய போனிலும் அஜித்தின் கார். துபாயில் பயிற்சி ஓட்டம். சுவரில் அடித்து, சுழன்று சுழன்று நிற்கிறது. மனுசன் இறங்கி நடக்கிறார். வெல்டிங் கடைப் பொடியள் "தல, தல" என்று அதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நான் அவரைப் பார்க்கவில்லை, கார் உருண்டாலும் உள்ளே இருக்கிறவனைக் காக்கிற அந்தக் குழாய்க்கூட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய காரில் இன்னும் ஒரு குழாய்கூட ஏறவில்லை.

அம்மாவும் பார்த்துவிட்டார். தங்கச்சி அனுப்பியிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. இரவு புட்டு வைக்கும்போது மட்டும், "தியத்தலாவையில ஏழு பேர்" என்றார்.

போன வருடம் ஏப்ரல் 21, அங்கே கார் ஓட்டப்போட்டி. பாதையை விட்டு விலகிய கார், நின்ற சனத்துக்குள் போனது. ஏழு பேரில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. நானும் அன்றைக்கு அங்கே போவதாக இருந்து, லீவு கிடைக்காமல் நின்றவன். அம்மாவுக்கு அது தெரியாது.

ஜனவரி 11, சனி, இரவு

வார்டில் இருந்து எழுதுகிறேன். இரவில் ஒருவர் கூட நிற்கலாம்.

துபாய் 24 மணி நேர ஓட்டம் யூடியூப்பில் நேரலையாக ஓடுகிறது. இயர்போனின் ஒரு முனை அப்பாவின் காதில், மற்றது என் காதில். ஓடுகிறவர்களில் நிறையப் பேர் என்னைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் என்று சொன்னேன். அவர்களிடம் போர்ஷே, என்னிடம் மார்ச். அஜித்தும் முதலில் மெக்கானிக்காக நின்றவர், 2010இல் பார்முலா 2 வரைக்கும் போனவர் என்றேன். அப்பாவுக்கு அஜித் முக்கியமில்லை. வண்டி பிற்றுக்குள் வந்தால் மட்டும் கழுத்தை நிமிர்த்துகிறார். ரயர் மாற்றுகிறவன் நட்டைத் தவறவிட்டபோது "ச்சே" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு திக்காமல் வந்த முதல் சொல் அதுதான்.

நடுச்சாமம் தாண்டி இடக்கையைத் தூக்கி, இல்லாத ஸ்ரீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கியர் போட்டார். முதல் கியர். பிறகு ஒரு விரல். பிறகு கையை விரித்து ஆட்டினார்: அதற்குமேல் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. 95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லப்பட்டது என்று கணக்கே இல்லை. ஒஸ்ரின் ஏ40 சமர்செற் கார். கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி, இருபது கிலோமீற்றரும் வராது. இரவு முழுக்கவும் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஓடினார், முதல் கியரிலேயே. மழை. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் சனம். உள்ளே அப்பம்மா, கைக்குழந்தையோடு ஒரு பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு ஆடு, நான். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினை நிற்பாட்டினால் திரும்ப எடுக்கப் பெற்றோல் வேண்டும். கையில் இருந்தது மூடியில் துளை போட்ட சின்னப் போத்தலில் கால்வாசி. அதனால் நிற்பாட்டவில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் றேடியேற்றர் கொதித்தது. வாய்க்கால் தண்ணீரைத் தகரத்தில் அள்ளி ஊற்றினார், எஞ்சின் ஓட ஓட. எனக்கு நாலு வயது. ஞாபகம் இருப்பது அந்தப் புகை மணம் மட்டும்தான், கண்ணெரிவும்.

சமர்செற்றில் கியர் கம்பி ஸ்ரீயரிங் தண்டில் இருக்கும், இடப்பக்கம். அந்தக் கை பிழைத்துவிட்டது.

இப்போது நித்திரை. போனில் சார்ஜ் 9.

ஜனவரி 12

அஜித்தின் அணி போர்ஷே 991 பிரிவில் மூன்றாவது. அப்பாவுக்குச் சொன்னேன். "வால்வு?" என்றார். முழுச் சொல்.

ஜனவரி 14

பொங்கல். அம்மா முற்றத்தில் பொங்கவில்லை. குக்கரில் வைத்து, டப்பாவில் போட்டு, வார்டுக்கு.

ஜனவரி 17, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டோவில் ஏற்ற மூன்று பேர், இறக்க நாலு பேர். எங்கள் வீட்டில் கார் ஒன்று நிற்கிறது. அதில் ஓட்டுநர் சீற் மட்டும்தான். மற்றதெல்லாம் கழற்றிப் போர்ட்டிகோவில் அடுக்கியிருக்கிறேன். அம்மா சீற்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஜனவரி 19

ஹெட்டைக் கழற்றினேன். இரண்டாவதின் எக்ஸோஸ்ற் வால்வு ஓரத்தில் எரிந்து, எலி கடித்த தோசை மாதிரி. நெஞ்சு குளிர்ந்தது. நோய் தெரிந்துவிட்டால் பாதி சுகம்தானே. (வார்டில் அப்படித் தோன்றவில்லை.)

ஜனவரி 23

கூட்டுக்குக் குழாய். சர்வதேச விதிப்படி பிரதான வளையம் 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 தடிப்பு, மூட்டில்லாத உருக்குக் குழாய். ஹாட்வெயார்க்காரர் ஜீஐ தண்ணிப் பைப்பை எடுத்துத் தட்டிக் காட்டினார். "இது வளையாது தம்பி, எங்கட தண்ணி ராங்க் இதிலதான் நிக்குது." ராங்க் உருண்டு பிரளுகிறதில்லையே என்றேன். மூட்டுள்ள குழாய் அடிபட்டால் மூட்டில் பிளக்கும். ஜீஐயின் நாகப் பூச்சை வெல்ட் பண்ணினால் அந்தப் புகையில் பொடியனுக்கு இரவு காய்ச்சல் வரும். அவருக்குக் கோபம். கொழும்பில் இருந்து லொறியில் வரும், விலை கேட்டு வயிறு கலங்கிவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

வால்வு தேய்ப்பு. பசையைப் பூசி, கப் வைத்த தடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். முற்றத்தில் அப்பா கதிரையில். ஏழு வால்வு முடித்தேன். எட்டாவதுக்குக் கையை நீட்டினார்.

ஒரு கையால் முடியாது. அவருக்கும் தெரியும். நீட்டிய கையை மடக்கவில்லை.

தடியின் ஒரு பக்கம் அவருடைய இடது உள்ளங்கை, மறுபக்கம் என்னுடைய வலது. நான் முன்னால் தள்ள அவர் பின்னால் இழுக்க வேண்டும். நாலு தரம் தடி பறந்தது. ஒரு தரம் கோழி மேலே. அம்மா சிரித்தே விட்டார், "ரெண்டு பேரும் என்ன, தயிரோ கடையிறியள்?" பிறகு பிடிபட்டது. சர்... சர்... என்ற சத்தம் மெல்ல மெல்ல நயமானபோது நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பத்து நிமிடம்.

போர்ட்டில் பெற்றோல் ஊற்றி வைத்தோம். பத்து நிமிடம் பார்த்திருந்தும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

ஜனவரி 28

பெப்ரவரி 1இல் இருந்து கார் இறக்குமதியாம். 2020 மார்ச்சில் மூடிய கதவு. ஐந்து வருடமாகப் பழைய இரும்புக்குத் தங்க விலை. இனி இறங்கும் என்கிறார்கள். மைத்துனர் போன் எடுத்தார்: "இப்ப வித்தால் வித்ததுதான் மச்சான்." இணுவிலில் ஒருவர் பதினொரு இலட்சம் தருவாராம், சீற்றைப் பூட்டிக் கொடுத்தால். பிசியோ, மருந்து, கழிவறைக்குக் கைபிடி, எல்லாம் அம்மாவின் கொப்பியில் எழுதி இருக்கிறது. கூட்டினேன்.

கூட்டியதை இங்கே எழுத மாட்டேன்.

பெப்ரவரி 4

விடுமுறை. நாள் முழுக்கக் கராஜில். உருப்படியாக ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எஞ்சின் ஸ்ராட் எடுத்தது! இரண்டாம் சுற்றிலேயே. ஊதிய ஊதலில் மாமரத்தில் இருந்த காகமெல்லாம் பறந்தது. நான் கத்தினேன். அப்பா தலையை ஆட்டி "மூண்டு" என்றார். மூன்றாவது சிலிண்டரில் என்ன என்று அரை மணித்தியாலம் தேடினேன். பிளக் புதிது, லீட் சரி. "மூண்டு, மூண்டு" என்று கதிரைக் கையில் தட்டினார். கடைசியில் விளங்கியது: மூன்றில்தான் ஓடுகிறது என்கிறார். இரண்டாவதின் பிளக் லீட் முழுக்க இறங்கவில்லை. அழுத்தினேன், டிக். சத்தம் வட்டமானது.

காது மட்டும் அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 13

யாழ்ப்பாணம் கடல் மட்டம். போட்டி நடக்கும் நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே காற்று ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேற்றருக்கு அது தெரியாது, இங்கே ஊற்றுகிற மாதிரியே பெற்றோலை ஊற்றும். கறுப்புப் புகை, கறுத்த பிளக், இழுவை இல்லை. பெற்றோல் வரும் துளை சின்னதான ஜெற் போட வேண்டும். எவ்வளவு சின்னது? மலையில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மலைக்குப் போய்வரக் காசு? அங்கே நடக்கும் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது. அப்போது வந்த வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தோட்டமே மலையில். என்னைப் போலக் கடற்கரையில் இருந்து போனவன் யாரிடம் கேட்பது?

மூன்று அளவில் ஜெற் சொல்லிவிட்டேன். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து பார்சல்.

பெப்ரவரி 14

ஜெற் வரவில்லை.

பெப்ரவரி 18

போட்டிப் படிவம். பெயர், இரத்த வகை, ஹெல்மெற் தரம். "அவசரத்தில் அறிவிக்க வேண்டியவர்." மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். இந்த ஒரு கோடு வெறுமையாக மேசையில் கிடக்கிறது. அம்மா தேத்தண்ணீர் வைக்க வந்து அதன்மேல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். படித்தாரோ தெரியாது. வட்டமாகக் கறை.

பெப்ரவரி 22, சனி

இணுவில்காரர் வந்தார். கூட்டைப் பார்த்து "இதென்ன, சிறையோ?" என்றார். வெட்டி எடுத்தால் ஒன்பதரை என்றார். போன மாதம் பதினொன்று. அப்பா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது அவர் "ஐயா என்ன சொல்லுறார்?" என்று கேட்க, அப்பா பொனற்றைக் காட்டினார். ஸ்ராட் பண்ணிக் காட்டச் சொல்கிறார். பண்ணினேன். மனுசன் பத்தாக்கினார்.

எனக்கு அப்பாவின்மேல் கோபம். விற்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஊரே விழித்திருந்தபடியால் சத்தத்துக்கு ஒருவரும் ஏசவில்லை. இரவு இரண்டு மணிக்குக் காரை வெளியே எடுத்து, ஒழுங்கை முனை வரைக்கும் இரண்டாவது கியரில். திரும்பிவந்து அளந்தேன்.

170, 168, 165, 170.

பெப்ரவரி 27

ஜெற் வந்தது. மூன்று கேட்டேன், இரண்டு வந்திருக்கிறது.

மார்ச் 1, சனி

மார்ச்சில் மார்ச் ஓடும் என்று போன வருடம் பகிடி விட்டுத் திரிந்தேன்.

இடக்கதவுக்குக் குறுக்கே வரவேண்டிய குழாய் இன்னும் வெல்ட் பண்ணவில்லை. பொடியன் நேற்று வந்து நின்றான், நாளைக்கு என்று அனுப்பிவிட்டேன். அந்தக் குழாய் ஏறினால் அப்பாவின் வலக்கால் அதைத் தாண்டாது. இடக்கதவால் ஏறும்போது வலக்கால்தான் முதலில் உள்ளே போக வேண்டும். மடக்கித் தூக்கி வைத்தால் போகுமா? அவருடைய சாரம் குழாயில் மாட்டுமா?

போர்ட்டிகோவில் இருந்து பக்கத்துச் சீற்றைத் தூக்கிவந்து பூட்டினேன். நாலு போல்ட். கிளினிக் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. இணுவில்காரர் அன்றைக்குப் பின்னேரம் காசோடு வருவாராம், அம்மா சொன்னார். நாளைக்கு ஒருக்கால் அப்பாவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சீற்றை இரண்டு துளை பின்னால் தள்ளினால்